பாறை விளக்கு

கழிமுகத்தில் ஒரு பாறை. கடல் வற்றினால் தெரியும், ஏறினால் மறைந்துவிடும். மீன்பிடிக்கப் போன சூசையின் வள்ளம் அதில் மோதித்தான் உடைந்தது. சூசை திரும்பி வரவில்லை.

அதன்பின் பாறைமேல் ஒரு கம்பம் நட்டு விளக்கு வைத்தார்கள். பேட்டரியை உப்பு தின்றது. சோலார் தகட்டை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். கடல் நுண்ணுயிர்களை ஆராயும் மரகதம் டீச்சர் வந்து பார்த்துவிட்டு, பாறையடிச் சேறே விளக்கை எரிக்கும் என்றார். சேற்றை யார் திருடப்போகிறார்கள்?

சூசையின் அண்ணன் மிக்கேல் அவரிடம் சீடராகச் சேர்ந்தார். துறைமுகத்தில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் ரொம்பவே மூத்த சீடர்.

"சேத்துல ஏது டீச்சரம்மா கரண்டு?"

"காத்துப் படாத கறுப்புச் சேத்துல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கு, அண்ணாச்சி. அதுக அழுகலைத் தின்னும்போது கரண்டு வரும். அதை வாங்கிக்கிட ஒரு துணி வைக்கணும். அவ்வளவுதான்."

மின்சாரம் கடத்தும் கரியிழைத் துணி ஒன்றைச் சேற்றில் புதைத்தார்கள். இன்னொன்றை மேலே தண்ணீரில் தொங்கவிட்டார்கள். இரண்டிலிருந்தும் வயர் இழுத்து விளக்கில் கொடுத்தார்கள். விளக்கு எரியவில்லை.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாதீய."

வாழ்நாளெல்லாம் கையில் டெஸ்டரோடு அலைந்த மனிதரிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? ஆனாலும் மிக்கேல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். வாரங்கள் போயின. ஒரு மாலை விளக்கு சிமிட்டியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டைச் சேர்த்துவைத்து ஒரு சிமிட்டு. மறுபடி சேர்த்து இன்னொன்று. மிக்கேல் அழுதுவிட்டார்.

அழுது முடித்ததும் அவருக்குள் இருந்த எலக்ட்ரீசியன் விழித்துக்கொண்டார். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் இணைப்பில் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அவர் தொழிலில் அதில் சந்தேகமே கிடையாது.

டீச்சர் வெளியூர் போயிருந்த ஒருநாள் மிக்கேல் துணியைத் தோண்டி எடுத்தார். பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தது. நாற்றம் வேறு. பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி புதைத்தார். அன்று மாலை விளக்கு சிமிட்டவில்லை.

டீச்சர் திரும்பி வந்தார்.

"என்ன செஞ்சீய?"

"அழுக்கா இருந்துது. தேய்ச்சுக் கழுவிட்டேன்."

"அந்த அழுக்குதான் அண்ணாச்சி விளக்கை எரிச்சுது."

மிக்கேலின் முகம் செத்துவிட்டது.

"மறுபடி எப்ப எரியும்?"

"அதுக திரும்ப வந்து குடியேறணும்."

"சூசை மவன் நாளைக்கு முதமுதலா கடல் தொழிலுக்குப் போறான், டீச்சரம்மா. இருட்டுற நேரம் இந்த வழியாத்தான் வருவான். இப்பவும் ஒண்ணும் செய்யக்கூடாதுங்கீயளா?"

டீச்சர் பையிலிருந்து ஒரு டார்ச் லைட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"சேத்தை ஒண்ணும் செய்யாதீய."

மறுநாளிலிருந்து பொழுது சாயும்போது மிக்கேல் பாறையோரம், கடல் ஏறியிருந்தால் பாறைமேல், முழங்கால் தண்ணீரில் போய் நின்றார். கடலைப் பார்த்து டார்ச்சை உயர்த்திப் பிடித்தார். ஒரு கை வலித்தால் மறு கை. துணி புதைத்த பக்கம் கால் வைக்கவே இல்லை. விளக்குக் கம்பத்துக்குக் கால் முளைத்துவிட்டது என்று கரையில் சிரித்தார்கள். பின்னால் இருந்த கம்பத்தை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

கடைசி வள்ளமும் பாறையைத் தாண்டிய பிறகுதான் கரையேறுவார். இப்படியே பல வாரங்கள்.

ஒரு மாலை சூசையின் மகன் ஜெனிட்டன் வள்ளத்திலிருந்து கத்தினான்.

"பெரியப்பா! பின்னால பாருங்க!"

மிக்கேல் திரும்பினார். கம்பம் இருட்டாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். விளக்கு ஒரு தடவை சிமிட்டியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை.

கரையில் நின்றிருந்த டீச்சர் தண்ணீரில் இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றார். மிக்கேலின் கை இன்னும் உயர்ந்தே இருந்தது.

"எரியுது, டீச்சரம்மா."

"ஆமா."

"எல்லா வள்ளமும் தாண்டிட்டுது."

"ஆமா."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"டார்ச்சை அணைங்க, அண்ணாச்சி."