சேந்தனின் கோப்புறை

“அம்மா, டிஸ்க்ல இடம் பத்தலை. எதைச் சேர்க்கறது, எதை விடறதுன்னு நீங்களே சொல்லிடுங்க” என்றான் கனகசபை.

மலைமேல் இருந்த அந்தச் சிறிய மடத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதைக் கீழே உள்ள பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கப் போகிறார்கள். உள்ளே இருப்பதை டிஸ்கில் ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் உள்ளதை அழித்துத் துடைத்துக் கொடுக்கும் பொறுப்பு கனகசபையுடையது.

“வேண்டாததை விட்டுடு” என்றார் அம்மா. மடத்தின் குரு அவர்தான்.

வேண்டாதது எது என்று கனகசபைக்கு ஏற்கெனவே தெரியும்.

சேந்தன்.

மடத்துக்குத் தனக்குப் பின்னால் வந்தவன். கம்ப்யூட்டரிலேயே பெரிய கோப்புறை அவன் பெயரில்தான் இருந்தது. முழுக்க ஒலிப்பதிவுகள். கனகசபை பெயரில் ஒன்றுகூட இல்லை.

அம்மாவிடம் கேள்வி கேட்பவர் தன் கேள்வியைத் தானே பதிவு செய்யக் கூடாது என்பது அந்த மடத்து வழக்கம். கூட இருப்பவருக்கு அது வேண்டும் என்று தோன்றினால், போனில் பதிவு செய்து வைக்கலாம்.

ஆக, சேந்தன் கேட்டதையெல்லாம் யாரோ ஆசை ஆசையாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். தான் கேட்டது மட்டும் காற்றோடு போயிற்று. நினைக்கும்போதெல்லாம் கனகசபைக்கு வயிறு எரிந்தது. அந்தக் கோப்புறையை அவன் ஒருநாளும் திறந்ததில்லை. திறந்தால் அம்மாவின் குரல் சேந்தனிடம் கொஞ்சும். அதை யார் கேட்பது?

தோட்டத்துப் படங்களைச் சேர்த்தான். மாடு கன்று போட்ட வீடியோவைக்கூடச் சேர்த்தான். சேந்தனை விட்டான்.

“ஆச்சும்மா.”

“வேண்டியது எல்லாம் வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“அப்ப துடைச்சிடு. என் முன்னாடியே.”

அவன் கை மவுஸ்மேல் அப்படியே நின்றது.

“என்ன, சேந்தன்மேல பொறாமையா?” என்றார் அம்மா.

கனகசபை மவுஸை விட்டுத் திரும்பினான்.

“ஆமாம்மா. பொறாமைதான். அவனைத்தான் எல்லாரும் தாங்கறீங்க. நான் கேட்டதை ஒருத்தர்கூட எடுத்து வைக்கலை.”

“சரி. ஒரு தடவை கேட்டுட்டு அழி.”

சேந்தனின் கோப்புறையைத் திறந்தான். முதல் பதிவை ஓடவிட்டான்.

“அவ போயும் எனக்குச் சாப்பாடு ருசிக்குதே அம்மா. வெக்கமா இருக்கு.”

அழுகிற குரல். கனகசபையின் குரல்.

மனைவியைப் பறிகொடுத்து வந்தவன், வெகுநாள் மென்று விழுங்கிக் கடைசியில் கேட்டது. அப்போது கூட யார் இருந்தது என்று அவன் கவனித்ததே இல்லை.

அடுத்ததை ஓடவிட்டான். அதிலும் அவன்தான். அதற்கடுத்ததிலும். நடுவில், போனைப் பிடித்திருந்தவன் தும்மினான். அது சேந்தனின் தும்மல்.

“அம்மா, இதெல்லாம் நான் கேட்டது.”

“ஆமா. சேந்தனுக்கு வேண்டியிருந்தது. எடுத்துத் தன் பேர்ல வச்சான்.”

“அவன் கேட்டதெல்லாம்?”

“அவன் எங்கே கேட்டான்? இத்தனை நாள்ல ஒண்ணே ஒண்ணு. அதுவும் இன்னைக்குக் காலையில.”

“என்ன கேட்டான்?”

“கனகசபை அண்ணன் ஏன் எங்கிட்ட பேசறதே இல்லைன்னு.”

கனகசபை ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினான்.

“நீங்க என்னம்மா பதில் சொன்னீங்க?”

“அது என்னைக் கேக்கற கேள்வியா? சமையல்கட்டுல இருக்கான். நீ போய்ச் சொல்லு.”