அளந்தபோது ஆளில்லாத அரியணை

முன்னொரு காலத்தில், மழை வரும் வழியையே மறந்துவிட்ட ஓர் ஆண்டில், ஓர் அரசன் தன் பள்ளியறையின் கிழக்குச் சாளரத்தை மூடிவிடும்படி கட்டளையிட்டான்.

அந்தச் சாளரத்தைத் திறந்தால் தலைநகரின் பெரிய ஏரி தெரியும். அவன் தந்தையின் நாளில் அங்கே தெப்பம் மிதந்தது. அவன் முடிசூடிய பிறகு வானம் பொய்த்தது; மறு ஆண்டும் பொய்த்தது. இப்போது ஏரி முழுவதும் வெடித்த சேறு. நிரம்பிய நீர் வழிந்தோடுவதற்காக முன்னோர் கட்டிய கலிங்கின் மேல் பருந்துகள் வந்து அமர்ந்து, கீழே ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டுப் பறந்து சென்றன. தன் ஆட்சியில்தான் ஏரி செத்தது என்று ஊரார் பேசிக்கொள்வதாக அரசன் நினைத்தான். ஊரார் அப்படிப் பேசவில்லை. ஆனால் மூடிய சாளரத்துக்குப் பின்னால் தனியே இருப்பவனுக்கு யார் அதைச் சொல்வது?

ஒரு நாள் அரசவையில் அவன் திடீரென்று வாய் திறந்தான்.

"அந்தப் பள்ளத்தை இனி நான் பார்க்கக் கூடாது. அதைத் தூர்த்து மேடாக்குங்கள். மேட்டின்மேல் பெரியதொரு மாடம் எழட்டும். கீழே கடைவீதி, நடுவே குடியிருப்புகள், உச்சியில் இசை மண்டபம். சாளரத்தைத் திறந்தால் என் கண்ணில் விளக்குகள் தெரிய வேண்டும்."

பிரதானி அனந்தபத்மர் எல்லோருக்கும் முந்திக் கைகுவித்தார். அந்தக் கடைவீதியில் எந்தக் கடை எந்த மைத்துனருக்கு என்பதை அவர் அதற்குள் மனத்தில் பங்கிட்டு முடித்திருந்தார்.

"தேவரீர் திருவுள்ளம் போலவே ஆகட்டும். சிறிய தடை ஒன்று உண்டு. ஏரியைக் காக்கும் பொறுப்பு ஏரி வாரியத்தாருடையது. கலிங்கு வழியும் நாளில் நீர் எதுவரை நனைக்குமோ அதுவரை ஒருவரும் சுவர் எழுப்பக் கூடாது என்று அவர்கள் பழைய விதி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதை மறுபரிசீலனை செய்து மாற்ற அவர்களின் சம்மதம் வேண்டும்."

"பெற்று வாரும்" என்றான் அரசன்.

அனந்தபத்மரின் பார்வை அரியணையின் இடப்புறம் இருந்த சிறிய மணையின்மேல் சென்றது. அங்கே அமர்ந்திருந்தவன் வயிரவன், அரசவை விகடன். அரசன் சிரித்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆயினும் அந்த மணையை எடுக்கச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. பிரதானிக்கு அந்த மணை கண்ணில் விழுந்த தூசியாக உறுத்திக்கொண்டிருந்தது.

"வயிரவனை அனுப்பலாமே, மகாராஜா! அவன் வாய்க்கு ஊரே மயங்கும் என்கிறார்கள். வாரியத்தை மயக்கிச் சம்மதம் வாங்கி வரட்டும். வாங்க முடியாவிட்டால் அவனுக்கு இந்த நாட்டில் என்ன வேலை?"

அவையில் சிலர் வாயை மூடிக்கொண்டு நகைத்தனர். விதியை மாற்றினால் ஊர் வயிரவனை வெறுக்கும்; மாற்றாவிட்டால் அவன் நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டும். வலை நன்றாகப் பின்னப்பட்டிருந்தது.

அரசன் வயிரவனைப் பார்க்கவேயில்லை. "அப்படியே ஆகட்டும்" என்றான்.

வழக்கமாக எதற்கும் ஒரு வேடிக்கையான பதில் சொல்லும் வயிரவன் அன்று எழுந்து வணங்கிவிட்டு, மேலாடையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான்.

ஏரி வாரியம் கரையோரத்துக் கல் மண்டபத்தில் கூடியது. தலைவர் செம்பியங்கிழார் முதியவர், நிதானமாகப் பேசுபவர். வாரியத்தாருக்குப் பின்னால் ஊரார் நின்றார்கள். அனந்தபத்மரும் வந்திருந்தார். வயிரவன் விழுவதைக் கண்ணாரக் காண வேண்டாமா?

புதிய விதியின் வாசகத்தைப் பிரதானியே எழுதி, முத்திரையிட்டுக் கொண்டுவந்திருந்தார். ஏரியை மட்டும் குறிப்பிட்டால் தம் மைத்துனர்களுக்காகச் செய்தார் என்று யாரேனும் சொல்லக்கூடும் அல்லவா? ஆகவே அதைப் பொதுவான விதியாக்கியிருந்தார். வயிரவன் அதை உரக்கப் படித்தான்:

"ஓர் இடம், அளக்கும் வேளையில் எதைக் கொண்டிருக்கிறதோ அதற்கே உரியது. அளக்கும் வேளையில் அது வெறுமையாக இருந்தால், அங்கே கடைகளும் வீடுகளும் அமைக்கலாம்."

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது.

"நல்ல விதி" என்றார் அனந்தபத்மர். "நீர் இருந்தால் ஏரி. நீர் இல்லையென்றால் வெறும் நிலம். இதில் மறைப்பு ஏதும் இல்லை."

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். கரைக்குக் கீழே தாழைக்குடியில் வாழும் கூடலழகி அவள். ஏரி மீனை நம்பி வீடு நடத்தியவள்.

"ஐயா, மழை வந்தால் நீர் எங்கே நிற்கும்? உங்கள் மாடத்தில் படியேறிப் போய் நிற்குமா?"

"மழை வரும்போது பார்த்துக்கொள்ளலாம், அம்மா."

"வரும்போது பார்ப்பதற்கு நாங்கள் உயிரோடு இருக்க வேண்டுமே! இருக்கிற பள்ளத்தை மேடாக்கிவிட்டால், அடுத்த பள்ளம் எங்கள் ஊர்தான். பிள்ளைகள் தூங்குகிற கூரைக்கு மேலேதான் தண்ணீர் வந்து நிற்கும்."

அனந்தபத்மர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "வாரியத்தாரே, இது அரசரின் விருப்பம். மறுப்பவர்கள் எழுந்து நிற்கலாம்."

அவருக்குப் பின்னால் வேல் பிடித்த காவலர்கள் நின்றார்கள். ஒருவரும் எழவில்லை.

வயிரவன் தொண்டையைச் செருமினான். "பிரதானியாரே, அடியேனுக்கு ஓர் ஐயம். இந்த விதி எல்லா இடத்துக்கும் பொருந்துமா?"

"எல்லா இடத்துக்கும்."

"விலக்கு ஏதேனும்?"

"விலக்கே கிடையாது. நான் எழுதும் விதியில் ஓட்டை இருக்காது."

செம்பியங்கிழார் தலைநிமிர்ந்தார். வயிரவனைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"அப்படியானால் பழைய வழக்கம் ஒன்றையும் நினைவூட்டுவது என் கடமை. புதிய மரக்கால் செய்தால் அது முதலில் அரண்மனை நெல்லைத்தான் அளக்கும். புதிய வரி விதித்தால் முதலில் அரண்மனைதான் செலுத்தும். புதிய விதியும் ஒரு பகல் முழுதும் அரண்மனைக்குள் நடந்த பிறகே ஊருக்குள் வரும். மன்னர் தாம் உண்ணாததைக் குடிகளுக்குப் பரிமாறக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது."

"தெரியும், தெரியும். வாசலில் நின்று ஒருமுறை படித்துவிடுவோம், அவ்வளவுதானே! இதோ, வயிரவனே செய்யட்டும்."

"படிக்கட்டுமா, நடத்தட்டுமா?" என்று கேட்டான் வயிரவன்.

பிரதானிக்கு வெற்றிக் களிப்பு. "நடத்தும் ஐயா, நடத்தும்! நீர் நடத்தாமல் வேறு யார் நடத்துவது?" என்று சிரித்தபடி முத்திரை ஓலையை அவன் கையிலேயே வைத்துவிட்டுச் சென்றார்.

வாரியம் கலைந்தது. கூடலழகி மட்டும் நின்றாள்.

"அரசரைச் சிரிக்கவைப்பவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஊரை அழவைக்கவும் உமக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது."

வயிரவன் ஓலையை மடியில் செருகிக்கொண்டான். "உன்னிடம் விற்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டான்.

"ஏளனமா? ஒரு கூடை கருவாடு இருக்கிறது. ஏரியின் கடைசி மீன். விற்க மனம் வராமல் வைத்திருக்கிறேன்."

"நாளைக் காலையில் அதை அரண்மனைக்கு எடுத்து வா. இருக்க இடமில்லாதவர்கள், கடைபோட இடமில்லாதவர்கள் எல்லோரையும் அழைத்து வா."

அவள் அவன் முகத்தில் கேலியைத் தேடினாள். காணவில்லை.

மறுநாள் விடிந்ததும் அரசன் பரிவாரத்தோடு மலைக்கோயிலுக்குப் புறப்பட்டான். மழை வேண்டி அங்கே வழிபாடு நடப்பதாக இருந்தது. அனந்தபத்மரும் உடன் சென்றார். பல்லக்குகள் கண்ணுக்கு மறைந்ததும், வயிரவன் வாரியத்தாரின் அளவுகோலோடு அரசவைக் கூடத்துக்குள் நுழைந்தான். காவலர்கள் தடுத்தார்கள். அவன் முத்திரை ஓலையை நீட்டினான். "இன்று இந்த விதி அரண்மனைக்குள் நடக்கிறது. பிரதானியார் கட்டளை. சந்தேகம் இருந்தால் முத்திரையைப் பாருங்கள்." முத்திரை அசலானது. காவலர்கள் வேல்களை விலக்கினர்.

வழிபாடு முடிந்தது. மேகம் ஒன்றுகூட வரவில்லை. அரசன் வாடிய முகத்தோடு திரும்பி வந்தான். கூடத்தின் வாயிலை நெருங்கியபோது உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: "வெங்காயம், வெங்காயம்! வாடாத வெங்காயம்!"

அரசன் திகைத்து நின்றான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

அமைச்சர்கள் அமரும் இடத்தில் வளையல் கடை. புலவர்கள் நிற்கும் இடத்தில் நாவிதர் ஒருவர் யாருக்கோ சவரம் செய்துகொண்டிருந்தார். அரச மகளிர் இருந்து பார்க்கும் மேல்மாடத்தில் குடும்பங்கள் குடியேறியிருந்தன. ஒரு தூணிலிருந்து மறு தூணுக்குக் கொடி கட்டி ஈரத்துணி உலர்த்தியிருந்தார்கள். வெண்கொற்றக் குடையின் காம்பில் ஒரு தூளி ஆடிக்கொண்டிருந்தது. அரியணையின்மேல் ஒரு கோழி, தன் குஞ்சுகளோடு கண்மூடி அமர்ந்திருந்தது. அரியணையின் காலடியில் ஒரு கூடை. கூடம் முழுதும் கருவாட்டு நாற்றம்.

"யார் நீ?" என்றான் அரசன்.

கூடலழகி எழுந்து கும்பிட்டாள். "கருவாட்டுக்காரி, மகாராஜா. விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்."

"வயிரவா!" அரசனின் குரல் தூண்களில் மோதித் திரும்பியது.

வயிரவன் அளவுகோலோடு முன்னால் வந்து வணங்கினான். "அடியேன் கட்டளையை நிறைவேற்றினேன், மகாராஜா. புதிய விதியை முதலில் அரண்மனைக்குள் நடத்தினேன். இந்தக் கூடத்தை அளந்தேன். அளக்கும் வேளையில் அரியணையில் அரசர் இல்லை. அவையில் அமைச்சர் இல்லை. இடம் வெறுமையாக இருந்தது. தேவரீர் விரும்பியபடியே கீழே கடைவீதி, மேலே குடியிருப்புகள் அமைத்துவிட்டேன். இசை மண்டபம்தான் பாக்கி. தூளியில் கிடக்கும் குழந்தை அதையும் அவ்வப்போது கவனித்துக்கொள்கிறது."

அனந்தபத்மரின் முகம் சிவந்தது. "அறிவிலியே! காலியாக இருந்தால் அரியணை அரியணை அல்லாமல் போய்விடுமா? அரசர் ஒரு காரியமாக வெளியே போயிருந்தார். திரும்பி வருவார் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியுமே! அவர் வரும்வரை அவர் இடத்தை வைத்திருப்பதல்லவா முறை?"

வயிரவன் அவரை நோக்கித் தாழ்ந்து வணங்கினான்.

"இதைத்தான் பிரதானியாரே, நேற்று மண்டபத்தில் அடியேன் சொல்ல நினைத்தேன். ஏரி நீரும் வெளியேதான் போயிருக்கிறது."

வெங்காயக்காரர்கூடக் கூவுவதை நிறுத்தினார். தாம் எழுதிய விதியைத் தாமே இப்போது எல்லோர் முன்னிலையிலும் வெட்டிப்போட்டது பிரதானிக்கு மெல்லப் புரிந்தது.

அரசன் அரியணையருகே சென்றான். கோழி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் மூடிக்கொண்டது.

"நீர் திரும்பி வரும் என்று உனக்கு எப்படித் தெரியும், வயிரவா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான். "எனக்குத் தெரியவில்லையே. அதனால்தான் நான் அந்தச் சாளரத்தை மூடினேன்."

"எனக்கும் தெரியாது, மகாராஜா. தாங்கள் மூடிய அறைக்குள் இருந்த நாட்களில், பழையபடி எப்போது வெளியே வருவீர்கள் என்பதும் எனக்குத் தெரியாது. ஆனாலும் நாள்தோறும் என் மணையில் வந்து உட்கார்ந்தேன்."

அரசன் இடப்புறத்து மணையைப் பார்த்தான். பிறகு குனிந்து, கூடையிலிருந்து ஒரு கருவாட்டை எடுத்தான். "என்ன விலை, அம்மா?"

"ஏரி மீன் இந்தக் கூடைதான் மிச்சம். விலை அதிகம், மகாராஜா."

"சொல்."

"ஏரி."

அப்போது தூளியில் கிடந்த குழந்தை வீறிட்டது. கோழி வெகுண்டு எழுந்து, சிறகடித்துப் பறந்து, அனந்தபத்மரின் தலைப்பாகையின்மேல் அமர்ந்தது. ஏரியின் கடைசி மீனைக் கையில் பிடித்தபடி அரசன் சிரித்தான். முதலில் தோள்கள் குலுங்கின. பிறகு சத்தம் வந்தது. கண்ணில் நீர் வழியும்வரை சிரித்தான். அந்த நீரை அவன் துடைத்துக்கொள்ளவில்லை. ஊரார் அந்த ஆண்டில் வழியக் கண்ட முதல் நீர் அதுதான்.

அன்றே புதிய விதி கிழிக்கப்பட்டது. மாடம் கட்ட வைத்திருந்த ஆட்களையெல்லாம் அரசன் ஏரியைத் தூர்வார அனுப்பினான். மேற்பார்வை அனந்தபத்மருக்கு; மைத்துனர்களுக்கு மண்வெட்டி. கடைபோட்டவர்களும் குடியேறியவர்களும் அந்த ஒரு பகல் முடியும்வரை கூடத்தில் இருக்கலாம் என்றான். வழக்கம் வழக்கம்தான் அல்லவா? வயிரவனுக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அணிவித்து, மணையை இன்னும் ஒரு முழம் அருகில் இழுத்துப் போடச் சொன்னான்.

கிழக்குச் சாளரம் திறக்கப்பட்டது. அரசன் அதன் முன்னே நின்று, வெடித்த சேற்றைக் கண்கொண்டு பார்த்தான். மறுநாளும் பார்த்தான்.

மழை எப்போது பெய்தது என்று கேட்பீர்கள். கதையைச் சொன்னவர்கள் அதைச் சொல்லவில்லை; நெடுநாள் ஆகியிருக்கலாம். பெய்த நாளில் அது வந்து தங்குவதற்கு அதன் இடம் அங்கேயே இருந்தது என்பதை மட்டும் சொன்னார்கள்.