தொப்பியைக் கழற்றிய துரை

“எது காரணம், சாமி?”

துபாஷி தெய்வநாயகம் பிள்ளை செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

கும்பினித் துரைக்கும் ஜனத்துக்கும் நடுவில் நின்று, இவர் சொல்வதை அவர் பாஷையிலும் அவர் சொல்வதை இவர் பாஷையிலும் சொல்வது அவர் உத்தியோகம்.

சாமி பாகல் பந்தலுக்காக உடைமரக் குச்சிகளைச் சீவிக்கொண்டிருந்தார். பிள்ளையைவிட இருபது வயது இளையவர். ஞானம் வயதைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்று பிள்ளை தன் சம்சாரத்துக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். அவள் ஒப்புக்கொண்டதில்லை.

“எதுக்குக் காரணம், பிள்ளைவாள்?”

“வெள்ளோடை ஜனம் கும்பினியோட வரிக் கச்சேரிக்குத் தீ வச்சதுக்கு. பொழுது சாயுறதுக்குள்ள காரணம் ஒண்ணே ஒண்ணு சொல்லணுமாம். சரிபண்ணக்கூடியதா இருந்தா துரை சரிபண்ணுவாராம். இல்லேன்னா அந்த ஊருக்குப் பீரங்கி போகும். என் தங்கச்சியை அங்கதான் கட்டிக் கொடுத்திருக்கு.”

“நீங்க ஏதாவது யோசிச்சு வச்சிருப்பீங்களே.”

“பனைவரின்னு சொல்லலாம்னு பார்த்தேன். சின்ன வரி. துரை தள்ளுபடி பண்ணிருவார். அவருக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை.”

சாமி ஒரு முள்ளை உரித்து, பிள்ளையின் தோளுக்கு மேலாக எறிந்தார்.

“நிலவரி கேட்டப்ப ஜனம் என்ன சொல்லிச்சு?”

“‘விதைநெல்லையும் அள்ளிட்டா, எங்க பிள்ளைகளையா விதைக்க?’ன்னு கேட்டாங்க.”

“துரைகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?”

“‘மழை குறைவு, துரையவர்கள் தயவு பண்ண வேணும் என்கிறார்கள்’னு சொன்னேன்.”

இன்னொரு முள் பறந்தது.

“பீரங்கி இழுக்க உழவுமாட்டைப் பிடிச்சுட்டுப் போனாங்களே, அப்ப?”

“‘மாட்டைக் கொன்னுட்டீங்க. அடுத்த தடவை நீங்களே நுகத்தடியில கழுத்தைக் கொடுங்க’ன்னாங்க.”

“நீங்க?”

“‘மாடுகள் சற்று இளைத்துவிட்டன என்று தெரிவிக்கிறார்கள்.’”

சாமிக்குச் சிரிப்பு வந்தது. “நல்ல உத்தியோகம்.”

“சபையில அப்படித்தான் பேசணும் சாமி. கோபத்தை எடுத்துட்டு விஷயத்தை மட்டும் கொடுக்கணும். எங்க அப்பா காலத்திலேருந்து அதுதான் முறை.”

சாமி உரித்துக்கொண்டே இருந்தார்.

“கடைசியா யார் வந்தா?”



“பேச்சியம்மா. ஆயுதத்தையெல்லாம் ஒப்படைக்கணும்னு உத்தரவு வந்தப்ப, அரிவாளைத் தர மாட்டேன்னு சொன்ன பையனைக் கட்டி வச்சு அடிச்சாங்க, செத்துப்போனான். அவன் தாயார். கச்சேரி வாசல்ல வந்து துரை முகத்துக்கு நேரே மண்ணை வாரித் தூத்தினா. ‘நீ விளங்க மாட்டே. உன் கோட்டை மண்ணாப் போகும். உன்னை அழுது புதைக்க ஒரு நாதி இருக்காது’ன்னா.”

“துரைக்குப் புரிஞ்சுதா?”

“‘இது என்ன வழக்கம்’னு கேட்டார்.”

“என்ன சொன்னீங்க?”

“‘ஆசீர்வாதம்’னு சொன்னேன்.”

சாமியின் கை நின்றது.

“உண்மையைச் சொல்லியிருந்தா அவளையும் கட்டி வச்சிருப்பாங்க, சாமி! அவளைக் காப்பாத்தத்தான் சொன்னேன்.”

“துரை என்ன செஞ்சார்?”

“தொப்பியைக் கழற்றினார். சிரிச்சு, அவளுக்குத் தலை வணங்கினார்.”

“யார் பார்த்தா?”

“ஊரே பார்த்துச்சு.”

சாமி குச்சியின் கடைசி முள்ளை உரித்து எறிந்தார்.

“பேச்சியம்மாவைக் காப்பாத்தியாச்சா?”

“கச்சேரிக் கூரையில முதல் பந்தம் எறிஞ்சவ அவதான். அங்கேயே சுட்டுட்டாங்க.”

சாமி குச்சியை நீட்டினார்.

“தடவிப் பாருங்க.”

பிள்ளை தடவினார். “வழுவழுன்னு இருக்கு.”

“முள்ளெல்லாம் எங்க?”

பிள்ளை திரும்பிப் பார்த்தார். அவருக்கும் வாசலுக்கும் நடுவே தரை வெள்ளை வெள்ளையாக முள். செருப்பு அந்தப் பக்கம் இருந்தது.

சாமி அடுத்த குச்சியை எடுத்துக்கொண்டார்.

பிள்ளை எழுந்து நடந்தார். ஒரு முள்ளையும் ஒதுக்கவில்லை. வாசலைத் தாண்டியும் செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை.

கோட்டைக்குப் பாதி தூரத்தில் பீரங்கி வண்டிகள் எதிரே வந்தன. வெள்ளோடைப் பாதையில் திரும்பின. பொழுது இன்னும் சாயவில்லை.

கோட்டை வாசலில் துரை குதிரைக்காகக் காத்திருந்தார். பிள்ளையின் காலில் ரத்தத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

“காரணம் கிடைத்ததா?”

“பொழுது சாயும் வரை தவணை கொடுத்தீர்கள்.”

“ஏதாவது ஒரு காரணம் சொல்வாய் என்று தெரியும். மரியாதையாகத்தான் இருக்கும். காரணம் கிடைத்ததா?”

பிள்ளை குனிந்தார். இரண்டு கையாலும் மண்ணை வாரினார். துரையின் முகத்துக்கு நேரே தூற்றினார்.

துரையின் கை, பழக்கத்தில், தொப்பிக்குப் போயிற்று.

“ஆசீர்வாதமா?”

“இல்லை, துரை,” என்றார் பிள்ளை.

பிறகு, ஒரு சொல்லும் குறைக்காமல், மொழிபெயர்த்தார்.