வளையமில்லாத உள்ளான்

முன்னொரு காலத்தில் நாணலேரி என்று ஓர் ஏரி இருந்தது. காலில் வளையம் உள்ள பறவைகள்தான் அங்கே கூடு கட்டலாம் என்பது அதன் சட்டம். பிறந்த குளம் வறண்டு வெடித்துப்போனதால், செம்பி என்ற உள்ளான் குருவி வளையமில்லாமலே அங்கே வந்து சேர்ந்தாள். கோரைப் புதருக்குள் மூன்று முட்டைகளை இட்டு, மூச்சுச் சத்தம்கூட வெளியே கேட்காமல் குடித்தனம் நடத்தினாள்.

ஒரு மத்தியானம் அண்டங்காக்கை கரியன் புதருக்குள் இறங்கினான். அந்த ஏரியிலேயே பிறந்தவன், வளையம் உள்ளவன். இரண்டு முட்டைகளை உடைத்துக் குடித்தான். தடுக்கப்போன செம்பியின் இறக்கையைக் கொத்திக் கிழித்தான்.

"போய்ச் சொல்லு, யாரிடம் வேண்டுமானாலும் சொல்லு!" என்று சிரித்தான். "என் அலகைப் பார்ப்பதற்கு முன்னால் உன் காலைத்தான் பார்ப்பார்கள். பெயர்தான் உள்ளான்; நீ இருப்பது வெளியே!"

பக்கத்துச் சேற்றில் இருந்த தவளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போனதும் செம்பியிடம் வந்தாள்.

"செம்பி, ஏரியைக் காவல் காக்கும் வைரிப் பருந்திடம் போ. அடிபட்டவர்கள் உண்மையைச் சொல்லி உதவினால் வளையம் கொடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறதாம்."

"வைரியா? வளையமில்லாதவர்களை விரட்டுவதே அவர்தானே, அக்கா?"

"அவரேதான்."

"விரட்டுகிறவரிடமே போய்க் காப்பாற்றுங்கள் என்று கேட்பதா? எனக்கு ஒன்றும் புரியவில்லையே."

"எனக்கும்தான் புரியவில்லை. ஆனால் இன்னும் ஒரு முட்டை மிச்சமிருக்கிறது. கரியன் மறுபடி வருவான். அது புரிகிறதல்லவா?"

செம்பி நடந்தே போனாள். வைரி முதலில் அவள் காலைப் பார்த்தது. பிறகு அது இறக்கையைப் பார்த்தது.

"யார் செய்தது?"

சொன்னாள். ஏரிப் பறவைகள் கூடியபோது எல்லோர் முன்னாலும் மறுபடி சொன்னாள். முட்டைகளைப் பறிகொடுத்த நீர்க்கோழிகளும் அங்கே இருந்தன. காலில் வளையம் இருந்தும், கரியனுக்குப் பயந்து அவை வாய் திறக்கவில்லை. செம்பி சொன்னதை வைத்துக் கரியனுக்கு மூன்று மழைக்காலம் கூண்டு என்று தீர்ப்பானது.

"ஐயா, என் வளையம்?" என்று வைரியிடம் கேட்டாள் செம்பி.

"அது என் கையில் இல்லை. நீ உதவினாய் என்று ஓர் இலையில் கீறித் தருகிறேன். இலை வாடுவதற்குள், வளையம் கொடுக்கும் ஆந்தையிடம் கொண்டு போ."

இலையைக் கவ்விக்கொண்டு ஓடினாள். பகல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆந்தை அதை வாங்கி வைத்தது.

"வருஷத்துக்கு இத்தனை வளையம்தான் என்று கணக்கு. உனக்கு முன்னால் பெரிய வரிசை இருக்கிறது அம்மா. காத்திரு."

"அதுவரை நான் இங்கே இருக்கலாமா?"

"இருக்காதே என்று நான் சொல்லவில்லை."

"அப்படியானால் இருக்கலாம்?"

"அப்படியும் சொல்லவில்லை."

செம்பி திரும்பி வந்தாள். மிச்சமிருந்த முட்டை பொரிந்தது. குஞ்சு வளர்ந்து, "அம்மா, இது நம் ஏரியா?" என்று கேட்டது. செம்பி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். உடனே இல்லை என்றும் ஆட்டினாள்.

மூன்று மழைக்காலம் கழிந்தது. கூண்டு திறந்தது. கரியன் பறந்து போய்த் தன் பழைய மரத்தில் உட்கார்ந்தான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

செம்பி ஆந்தையிடம் ஓடினாள். "கரியன் தன் வீட்டுக்கே வந்துவிட்டான். நான் இன்னும் வரிசையில் நிற்கிறேனே!"

ஆந்தை சொன்னது: "அவன் தண்டனைக்கு நாள் குறித்திருந்தது அம்மா. உன் உண்மைக்கு யாரும் நாள் குறிக்கவில்லை."

அவள் புதருக்குத் திரும்பியபோது, வாசலில் ஒரு தகைவிலான் குருவி கழுத்தில் ரத்தம் சொட்ட நின்றிருந்தாள். அவள் காலிலும் வளையம் இல்லை.

"அக்கா, போய்ச் சொல்லலாமா? சொன்னால் நல்லது நடக்குமா?"

போ என்று சொல்லவும் செம்பிக்கு வாய் வரவில்லை. போகாதே என்று சொல்லவும் மனம் வரவில்லை. அந்தக் கிழிந்த கழுத்தைப் பார்த்தாள்.

"வா, நானும் கூட வருகிறேன். வழி எனக்குத் தெரியும்; அது எங்கே கொண்டு விடும் என்பதுதான் தெரியாது."