வெல்டு வைத்த கைப்பிடி

ஒரு ஊரில் ஒரு சின்ன சிவப்பு கார் இருந்தது. பார்க்க நன்றாக இருக்காது. முன்பக்கம் இரண்டு விளக்கும் கண் பிதுங்கின மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அதனால் சந்தைக்காரர்கள் அதற்கு நண்டு என்று பேர் வைத்திருந்தார்கள்.

நண்டின் முதலாளி சகாயராணி. சந்தை சந்தையாகப் போய் நைட்டி விற்கிறவள். சின்ன வயதிலேயே வலது கால் சூம்பிவிட்டது. நடக்க ஊன்றுகோல் வேண்டும். தெருமுனை வரை நடந்தாலே முகம் வேர்த்துவிடும். ஆனால் நண்டுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவள் வேறு ஆள். சுற்றுவட்டாரத்தில் அவள் போகாத சந்தை இல்லை.

எப்படி ஓட்டினாள்? நண்டுக்குள் ஒரு கைப்பிடி இருந்தது. பழைய மொபெட்டின் கைப்பிடியும் தண்ணீர்க் குழாய்த் துண்டும் சேர்த்துச் செய்தது. கீழே தள்ளினால் பிரேக். முறுக்கினால் வண்டி ஓடும். சூம்பின காலின் வேலை எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டது. கிளட்சை மிதிக்க இடது கால் இருந்தது. அந்தக் கால் நல்ல கால்.

கைப்பிடியைச் செய்தவர் லேத் பட்டறை பாக்கியநாதன். முதலில் போல்ட்டு போட்டுத்தான் மாட்டினார். நம் ஊர் ரோட்டில் போல்ட்டு எத்தனை நாள் நிற்கும்? இரண்டு தடவை ஆடிவிட்டது. மூன்றாவது தடவை அவர் யோசிக்கவே இல்லை, வெல்டு வைத்துவிட்டார். இனிமேல் உன் கை கழன்றாலும் கைப்பிடி கழலாது என்று சகாயராணியிடம் சொன்னார். அவளும் சிரித்தாள்.

அவர் செய்ததிலேயே சரியான வேலை அதுதான். கெட்டதும் அதனால்தான்.

ஒரு நாள் கடற்கரை ரோட்டில் ஏதோ ஒரு கார், இடி மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு வந்து, பூ விற்கிற பெண் ஒருத்தியை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. அந்தக் கார் கிடைக்கவில்லை. கிடைக்காததால் மேலே இருந்து உத்தரவு வந்தது: மாற்றம் செய்த கார் எதுவாக இருந்தாலும் பிடி. கிடைக்காத ஒன்றுக்குப் பதில் கிடைக்கிற எல்லாவற்றையும் பிடிப்பது சுலபம்தானே.

நண்டு மறுநாள் காலையிலேயே மாட்டியது. நிறுத்தியவர் ஏட்டு வேலாயுதப்பெருமாள். ஜன்னல் வழியாகத் தலையை விட்டார், கைப்பிடியைப் பார்த்தார், இது என்ன என்று கேட்டார். சகாயராணி ஒளிக்காமல் சொன்னாள். லைசென்ஸ் எடுத்ததே இதை வைத்துத்தான் என்றாள். அது அந்த ஆபீசர், இது இந்த உத்தரவு என்றார் ஏட்டு.

"கம்பெனில இருந்து எப்படி வந்துச்சோ அப்படித்தான் இருக்கணும்மா."

"நான் கம்பெனில இருந்து வந்த மாதிரியா சார் இருக்கேன்?"

ஏட்டு சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனாலும் நண்டை ஸ்டேஷனுக்குக் கொண்டு போய்ச் சங்கிலி போட்டார். இந்தக் கதையில் கெட்டவன் என்று யாரும் இல்லை. அதுதான் எரிச்சல்.

ஸ்டேஷன் வளாகத்தில் நண்டுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கார் நின்றது. தரையோடு தரையாகத் தாழ்த்தி வைத்த கார். பின்னால் பானை வாய் அகலத்துக்கு ஒரு சைலன்சர். கறுப்புக் காருக்குப் பேச்சுத்துணை வேண்டும் போல.

"ஏல சிவப்பு, நீ என்னத்துக்கு வந்த?"

"பிரேக் வச்சிருக்கேன்," என்றது நண்டு.

"எல்லாருந்தானவே வச்சிருக்கோம்."

"நான் கையில வச்சிருக்கேன்."

கறுப்புக் காருக்கு அது புரிய நேரமானது. புரிந்ததும் ஒரே சிரிப்பு. தன் கதையை அதுவே சொன்னது. முதலாளி மகனுக்குச் சத்தம் வேண்டும். காலேஜ் வாசலில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிர வேண்டும். அதற்குத்தான் இந்தப் பானை. நாளைக்கு வீட்டில் இருக்கிற கம்பெனி சைலன்சரை மாட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவேன், நீயும் உன் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காட்டு, அப்புறம் மாட்டிக்கொள், இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போடுகிறாயே என்றது.

கைப்பிடி முதல் தடவையாக வாயைத் திறந்தது.

"என்னைக் கழட்ட முடியாது."

"ஏன், அவ்வளவு பெரிய ஆளா நீ?"

"வெல்டு."

கறுப்புக் கார் சிரிப்பதை நிறுத்தியது. யார் இந்த மடத்தனத்தைச் செய்தது என்று கேட்டது. ரோட்டில் கழன்றுவிடக் கூடாது என்று செய்தது என்றது நண்டு. ரோட்டை எவன் பார்க்கிறான், ஆபீஸைத்தான் பார்க்க வேண்டும் என்றது கறுப்புக் கார்.

மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். வண்டி ஓடத் தகுதியா இல்லையா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். கறுப்புக் காரின் ஆள் ஒரு சாக்கில் சுற்றிக் கம்பெனி சைலன்சரைக் கொண்டு வந்தான். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பானையை இறக்கி இதை மாட்டினான். கம்பெனி சைலன்சரில் ஒரு பொட்டுப் புகைக்கரி இல்லை, ஒரு கீறல் இல்லை. மினுமினு என்று இருந்தது.

"நீ எப்பவும் இவ்வளவு சுத்தமாவா இருப்ப?" என்று கேட்டது நண்டு.

"நான் ரோட்டுக்கே போனதில்ல," என்றது சைலன்சர். "என்னை ஆபீஸ்காரங்களுக்கு மட்டுந்தான் தெரியும். அங்க எனக்கு நல்ல பேரு."

பிரேக் இன்ஸ்பெக்டர் காதைக் கொடுத்துக் கேட்டார். பூனை மாதிரி இருந்தது. கையெழுத்துப் போட்டார். கறுப்புக் கார் வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் ரோட்டுத் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் பழைய இடிச்சத்தம் கேட்டது. ஏட்டுக்கும் கேட்டது. அவர் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை. அவர் பார்க்க வேண்டிய காகிதம் சரியாக இருந்தது.

அடுத்து நண்டு.

சகாயராணியே ஓட்டிக் காட்டினாள். ஸ்டேஷன் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். சுண்ணாம்புக் கோடு வந்ததும் கைப்பிடியைத் தள்ளினாள். நண்டு கோட்டின் மேல் அப்படியே நின்றது, குலுக்கல்கூட இல்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் நல்லாத்தான் பிடிக்கிறது என்று அவராகவே சொன்னார். பிறகு கைப்பிடி எந்தக் கம்பெனி என்று கேட்டார்.

"பாக்கியநாதன், சார்."

"அது கம்பெனியா?"

"லேத் பட்டறை, சார்."

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் விளக்கினார். இந்த மாதிரிக் கைப்பிடியை அரசாங்க முத்திரையோடு விற்கிறவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள், அதை வாங்கிப் போட்டால் நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அது என்ன விலை என்றும் சொன்னார். நண்டை இரண்டு தடவை விற்றாலும் அந்த விலை வராது. சகாயராணி தலையைக் குனிந்துகொண்டாள். அப்படியானால் இதை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் அவர்.

ஸ்பேனர் வந்தது. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"இங்க எனக்கு வேலை இல்ல," என்றது. "போல்ட்டே கிடையாது."

"அப்ப நான் வாரேன்," என்றது அறுக்கிற மிஷின்.

தீப்பொறி பறந்தது. நண்டின் உள்ளே பெயின்ட் கருகிய வாசனை வந்தது. ஏதாவது சொல்லேன் என்று நண்டு கைப்பிடியிடம் கெஞ்சியது. கைப்பிடி ஒன்றே ஒன்றுதான் சொன்னது.

"ஏமாத்துறதுக்குச் செஞ்சிருந்தா, கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சிருப்பாங்க."

அறுத்த கைப்பிடிக்கு ஏட்டு ஒரு அட்டை கட்டினார். சாட்சிப் பொருள் என்று எழுதி உள்ளே அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிரேக் இன்ஸ்பெக்டர் நண்டுக்குள் ஏறி உட்கார்ந்து, தன் சொந்தக் காலால் பிரேக்கை மிதித்தார். பிடித்தது. கையெழுத்துப் போட்டார்.

நண்டு இப்போது சட்டப்படி சுத்தமான கார். ஆனால் சகாயராணியால் அதை ஸ்டேஷன் வாசலைத் தாண்டிக்கூட ஓட்ட முடியவில்லை. ஆள் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

பாக்கியநாதனிடம் போனாள். அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இன்னொரு தடவை இப்படிச் செய்தால் பட்டறையைப் பூட்டிவிடுவோம் என்று போலீஸ் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தது. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆட்டோ வைத்துச் சந்தைக்குப் போய்ப் பார்த்தாள், விற்ற லாபம் ஆட்டோவுக்கே போனது. அக்கா மகன் வந்து ஓட்டிக் கொடுத்தான், ஒரு வாரம் நன்றாக ஓட்டினான், பிறகு போனை எடுப்பதில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷத்தில் நைட்டி விற்கிற மாதம் அதுதான். வீட்டில் மூட்டை மூட்டையாகத் துணி கிடந்தது.

ஒரு நாள் நண்டுக்குள் ஏறி உட்கார்ந்து, ஊன்றுகோலை நேராகக் கீழே இறக்கினாள். அதன் ரப்பர் நுனியால் பிரேக்கை அழுத்தினாள். அழுத்த முடிந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினாள். அதுவும் முடிந்தது.

"எக்கா, எனக்குத் தரையத்தான் தெரியும்," என்றது ஊன்றுகோல். "இதெல்லாம் எனக்குப் பழக்கம் இல்ல."

அவளுக்கு அது கேட்கவில்லை. கேட்டது நண்டுக்கு.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றது நண்டு. "ஆனா சனிச் சந்தைக்கு அவ போயே ஆகணும்."

ஒரு கை ஊன்றுகோலில், ஒரு கை ஸ்டீயரிங்கில். கியர் மாற்ற வேண்டுமென்றால் ஒன்றை விட வேண்டும். ஸ்டீயரிங்கைத்தான் விட்டாள். அந்த ஒரு நொடி நண்டு தன் பாட்டுக்கு நேராகப் போகப் பழகிக்கொண்டது. மெதுவாகத்தான் போனாள். பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான்.

அதே இடத்தில் அதே ஏட்டு நிறுத்தினார். ஊன்றுகோலைப் பார்த்தார். இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டார். இந்தத் தடவையும் அவள் உண்மையைத்தான் சொன்னாள். ஏட்டு குனிந்து, ஊன்றுகோல் எதிலாவது கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

"வெல்டு கிடையாதே?"

"இல்ல சார்."

"போல்ட்டு?"

"எதுவும் இல்ல. சும்மா கையிலதான் புடிச்சிருக்கேன்."

"அப்ப வண்டில ஒண்ணும் மாத்தல," என்றார் ஏட்டு. உத்தரவு வண்டியைப் பற்றித்தான், கம்பைப் பற்றி இல்லை. "போம்மா. பாத்துப் போ."

அவர் அதை அக்கறையோடுதான் சொன்னார்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. முன்னால் போன மினிபஸ் ஆளை இறக்கச் சட்டென்று நின்றது. சகாயராணி ஊன்றுகோலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துப் பிரேக்குக்குக் கொண்டு போனாள். ரப்பர் நுனியில் சந்தைச் சேறு இருந்தது. அது பிரேக்கில் பட்டு, வழுக்கி, மறுபடியும் ஆக்சிலேட்டரிலேயே போய் விழுந்தது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் மேல் ஏறாமல் இருக்க அவள் ஸ்டீயரிங்கை ஒடித்தாள். நண்டு பாலத்துச் சுவரில் போய் மோதி நின்றது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்குள் இருந்து அவளைத் தூக்கும்போது நைட்டிகள் எல்லாம் வாய்க்காலில் மிதந்துகொண்டிருந்தன.

அவளுக்கு உடைந்தது இடது கால். கிளட்ச் மிதிக்கிற கால். நல்ல கால்.

ஊன்றுகோலுக்கும் ஒரு அட்டை கட்டி அலமாரியில் வைத்தார்கள். அங்கே கைப்பிடி ஏற்கெனவே துரு ஏறிக் கிடந்தது. அது நடந்ததையெல்லாம் கேட்டது. கேட்டுவிட்டு, நீ பிரேக்கைப் பிடிக்கவில்லையா என்றது.

"புடிச்சேன்," என்றது ஊன்றுகோல். "என்னைப் புடிச்சு வைக்கத்தான் எதுவும் இல்ல. உன்ன மாதிரி எனக்கும் வெல்டு இருந்திருந்தா நகந்திருக்க மாட்டேன்."

"வெல்டு இருந்திருந்தா உன்னையும் அறுத்திருப்பாங்க," என்றது கைப்பிடி.



மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். நண்டின் முன்பக்கம் நசுங்கியிருந்தது, ஆனால் உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது. அவர் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். பிடித்தது. இறங்கப் போனவர் சந்தேகத்துக்கு இன்னொரு தடவை மிதித்தார். அப்போதும் பிடித்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், அவள் கைக்கு எட்டும்படி எதுவும் இல்லை என்று நண்டு கத்தியது. கார் கத்துவது யாருக்குக் கேட்கும்.

அவர் பேனாவை எடுத்து, ஏட்டு நீட்டிய காகிதத்தில் நிதானமாக எழுதினார்:

வாகனத்தில் குறை ஏதும் இல்லை. குறை, ஓட்டியவரின் காலில்.