நிழலைக் கட்டிய மாகாளன்

கிட்ட வந்து உட்காருங்க. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரியுது. தள்ளி உட்கார்ந்தா அந்தச் சூடு உங்களுக்கு உறைக்காது.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி ஒரு ராஜா ஏரி வெட்டினார். வேலை நேரத்துக்கு ஒரு கணக்கு வைத்தார். நடுவில் கம்பு நட்டு, அதில் கயிறு கட்டி, சுற்றி ஒரு வட்டம் போட்டார்கள். காலையில் நீளமாய்க் கிடக்கிற கம்பு நிழல் சுருங்கி வட்டத்துக்குள் வந்தால் மண்வெட்டி எடுக்கணும். சாயங்காலம் நிழல் நீண்டு வட்டத்தைத் தாண்டினால் வேலையாட்களை வெளியே விட வேலி வாசல் திறக்கணும். நல்ல கணக்குதான். கெட்டவன் கையில் சிக்கிப்போச்சு.

மேற்பார்வைக்கு வந்தவன் மாகாளன், மந்திரவாதி. அந்தப் பாவி ஒருநாள் பிரம்பால் நிழலைத் தட்டி, "வட்டத்துக்குள்ளேயே கிட!" என்றான். நிழல் கிடந்தது. மேலே சூரியனும் நின்றுபோச்சு.

அங்கே சடைச்சின்னு ஒருத்தி மண் சுமந்தாள். வாசலுக்கு வெளியே வேப்பமரத் தூளியில் அவள் கைப்பிள்ளை பாலுக்குக் கத்தியது.

"சாமி, பிள்ளை அழுவுது. வாசலைத் திறங்க."

"நிழல் தாண்டல, வாசல் திறக்காது!"

மறுபடி போனாள். அவன் குடைக்கடியில் மெத்தை போட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"பால் கட்டி நெஞ்சு வலிக்குது சாமி."

"நிழல் தாண்டல, வாசல் திறக்காது!"

மூன்றாம் தடவை பிள்ளையின் சத்தமே கம்மிப்போச்சு. சடைச்சிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மண்கூடையை அவன் காலடியில் கொட்டினாள்.

"ஏண்டா, நிழல் தாண்டணும், அவ்வளவுதானே?"

"முடிஞ்சா தாண்ட வையடி!" என்று சிரித்தான்.

வட்டம் போட்ட கயிறு கம்பிலேயே கிடந்தது. அதை மடித்துக் குட்டையாக்கினாள். முனையில் குச்சியைக் கட்டி, கம்பைச் சுற்றிச் சின்னதாய் ஒரு வட்டம் கீறினாள். பழைய வட்டத்தைக் காலால் தேய்த்து அழித்தாள். நிழலின் தலை வட்டத்துக்கு வெளியே கிடந்தது!

மந்திரத்துக்குப் பிடிப்பு போச்சு. பிரம்பு படாரென்று வெடித்தது. சூரியன் மேற்கே உருண்டது. வாசல் தானாகத் திறந்தது.

சத்தம் கேட்டு ராஜா ஓடி வந்தார். "என்ன வேணும் தாயே, கேள்."

"இனிமே அந்தக் கயிறு எங்க கையில இருக்கணும். மண்வெட்டி இவன் கையில இருக்கணும்."

"அப்படியே ஆகட்டும்."

சடைச்சி பிள்ளையைத் தூக்கி வந்தாள். மாகாளனுடைய மெத்தையிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

"இது குடிச்சு முடிக்கிற வரைக்கும் வெட்டு" என்றாள்.

வெட்டினான். மூச்சு வாங்கியது.

"இடுப்பு ஒடியுது, அம்மா. பிள்ளை குடிச்சிருச்சா?"

சடைச்சி பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.