ஏழாம் நம்பர் ஒட்டகச்சிவிங்கி

ஒரு வழக்கு சொல்கிறேன். சிரிக்காமல் கேட்கக்கூடியவர்கள் மட்டும் உட்காருங்கள். பாதியில் சிரித்துவிட்டுக் கடைசியில் தீர்ப்புச் சொல்ல வந்தால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

தூத்துக்குடியில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்று. கீழே வண்டி நிறுத்தும் இடம். அதில் ஏழாம் நம்பர் கட்டத்துக்காரர் மஸ்கட்டில் இருந்தார். அதனால் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது காலியில்லை. அங்கே சிங்காரம் என்ற ஒட்டகச்சிவிங்கி நின்றது. கூரை தாழ்வு என்பதால் கழுத்தை மடக்கிக்கொண்டு நின்றது, பாவம்.

அதை முதலில் பார்த்தவன் இரண்டாம் மாடி ரெக்சன். ஆறு வயது. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வேப்பிலை பறித்துவந்து அதற்குப் போட்டவள் முதல் மாடி அஃப்ரின். அவளுக்கும் ஆறு. இவர்களோடு முத்தரசியும் இருந்தாள். அவளுக்கு மூன்றரை வயதுதான், ஆகவே ஒப்புக்குச் சப்பாணி. அதாவது ஆட்டத்தில் உண்டு, கணக்கில் இல்லை. பிடித்தாலும் அவுட் கிடையாது, பேசினாலும் செல்லாது.

சிங்காரத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. அதைப் பற்றி ஒருவர் எதைச் சொன்னாலும் இன்னொருவர் ‘ஆமா’ சொல்ல வேண்டும். அப்போதுதான் அது நடக்கும். ‘சிங்காரத்துக்குச் சளி’ என்று ரெக்சன் சொல்லி, அஃப்ரின் ‘ஆமா’ என்றால் சளி பிடித்துவிடும். அவள் வாயைத் திறக்காவிட்டால் அது நல்ல சுகத்தோடு இருக்கும். முத்தரசி சொன்ன எதற்கும் யாரும் ஆமா சொன்னதில்லை. அவள் சொல்லும் ஆமாவும் எடுபடாது. பெரியவர்கள் போடுகிற பல சட்டங்களைவிட இது ஒழுங்காக நடந்தது என்பது என் அபிப்பிராயம்.

அப்படியிருக்கையில் ரெக்சனின் அப்பாவுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது.

“சிங்காரம் எங்கூட வாரான். நாந்தான் மொதல்ல பாத்தேன்” என்றான் ரெக்சன்.

“லாரில ஏத்துனா கரண்டு கம்பில கழுத்து மாட்டிக்கிடும். அவன் இங்கதான் நிப்பான்” என்றாள் அஃப்ரின்.

அவன் சொன்னதற்கு அவள் ஆமா சொல்லவில்லை. அவள் சொன்னதற்கு அவனும் சொல்லவில்லை. ஆகவே சட்டப்படி சிங்காரம் போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. அஃப்ரின் காய் விட்டுவிட்டாள். காய் விட்டவர்தான் முதலில் பழம் விட வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த வழக்கம், அவளோ பிடிவாதக்காரி. இரண்டு நாள் பேச்சு இல்லை. வேப்பிலையும் விழவில்லை.

ரெக்சன் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், “ஓசூர்ல எனக்கு யாரும்மா ஆமா சொல்லுவா?” என்று கேட்டான்.

“என்னத்துக்குல ஆமா?” என்றாள் அம்மா. அவன் சொன்னான். முதல்முறையாக ஒரு பெரிய ஆளிடம் சிங்காரத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னான். அம்மா கயிற்றைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டபடியே கேட்டாள். “போனதும் பாத்துக்கிடலாம்” என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் லாரி வந்தது. பீரோ ஏறியது, கட்டில் ஏறியது. மூன்று பேரும் ஏழாம் நம்பர் கட்டத்தில் வந்து நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. லாரிக்காரர் ஹார்ன் அடித்தார்.

முத்தரசி குத்தவைத்து உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சிங்காரம் குட்டி போட்டிருக்கு” என்றாள். “குட்டிக்குக் கழுத்து சின்னது.”

அஃப்ரின் வீட்டார் ஆடு வளர்த்தவர்கள். கிடா குட்டி போடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சிங்காரம் ஆண் என்பதோ பெயர் வைத்த அன்றே முடிவான விஷயம்.

ரெக்சன் லாரியைப் பார்த்தான். தெருவுக்கு மேலே போகிற கம்பியைப் பார்த்தான். பிறகு முத்தரசியை வெகுநேரம் பார்த்தான்.

“ஆமா” என்றான்.

முத்தரசி எழுந்து நின்றாள். அவள் பேச்சுக்கு யாரும் ஆமா சொல்லி அவள் கேட்டதில்லை. கவுனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அஃப்ரின் ரெக்சன் பக்கம் இரண்டு விரலை நீட்டிப் பழம் விட்டாள். “ஆமா. நேத்தே போட்டுச்சு. நான் பாத்தேன்” என்றாள்.

ரெக்சன் குனிந்து, இரண்டு கைகளாலும் எதையோ பதனமாக அள்ளித் தூக்கினான். அதை நெஞ்சோடு அணைத்தபடி லாரியின் முன்சீட்டில் ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். லாரி போய்விட்டது. சிங்காரம் கழுத்தை மடக்கியபடி அங்கேயே நின்றது.

இப்போது சொல்லுங்கள். யாருக்கும் தோன்றாத குட்டியைக் கண்டு சொன்னவள் முத்தரசி. அதற்கு முதல் ஆமா சொன்னவன் ரெக்சன். நடக்காது என்று தெரிந்தும், கோபத்தை விழுங்கி, இரண்டாம் ஆமா சொன்னவள் அஃப்ரின். இந்த மூவரில் அதிகம் விட்டுக்கொடுத்தது யார்?

விடை: ரெக்சன். முத்தரசியிடம் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை, கண்டதைச் சொன்னாள். அஃப்ரின் கோபத்தை விட்டது பெரிய காரியம்தான். ஆனால் சிங்காரம் அவளிடமே நின்றது, ஆமா சொல்ல ஆளும் கிடைத்தது. அந்த ஆளை உண்டாக்கியது ரெக்சனின் ஆமா. சப்பாணியின் சொல் ஒருமுறை செல்லுபடியாகிவிட்டால் அப்புறம் அவள் சப்பாணி இல்லை. தனக்கு ஆமா சொல்ல யாருமில்லாத ஊருக்குப் போகிறவன், அஃப்ரினுக்கு ஓர் ஆளை வைத்துவிட்டுப் போனான். எனக்கு அந்தப் பையனை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. ஓசூர் வீட்டில் லிஃப்ட் வாசலை மறித்துக்கொண்டு அவன் அசையாமல் நின்றானாம். “குட்டி லிஃப்டுக்குப் பயப்படுது” என்றானாம். தலையில் ஒரு சாக்கும் இடுப்பில் ஒரு குடமுமாக நின்ற அவன் அம்மா, “ஆமா, பயப்படத்தான செய்யும். படி வழியா கூட்டிட்டு வா” என்று சொல்லி, தானும் படியில் ஏறத் தொடங்கினாள்.